கண் சிவந்தால் செய்ய வேண்டுவன

சென்ற தை மாதத்தில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கேடுகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். பன்னிரண்டு தறிகள் ஓசையின்றிக் கிடந்தன. நூல் வரவில்லையோ என்று வினவினேன். "நூலுக்குக் குறைவில்லை, ஐயா. எல்லோருக்கும் கண்நோவு" என்றார் காரியதரிசி. சங்கத்துத் தண்ணீர்த் தொட்டியருகே தொங்கிய ஒரே துண்டில் அனைவரும் முகம் துடைத்து வந்தது பின்னரே தெரிந்தது.

அதே வாரத்தில், பக்கத்துக் கிராமத்தில் ஒரு விவசாய அங்கத்தினரைக் கண்டேன். நெல் தூற்றும்பொழுது அவர் கண்ணில் உமி பட்டது. கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தைப் பத்து நாள் விட்டார். இன்று அக்கண்ணில் பார்வை இல்லை. நெசவாளர்களின் நோயும் இவர் நோயும் தொடக்கத்தில் சிவப்பும் வீக்கமுமாகவே இருந்தன. இவ்வேற்றுமையை அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம்.

கண் சிவந்து நீர் வடிந்து, ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவது "மெட்ராஸ் ஐ" எனப்படும் கண்நோய். இது பெரும்பாலும் வைரஸ் கிருமியால் வருவது. நோயாளியைப் பார்ப்பதனால் தொற்றாது; கை, துண்டு, தலையணை ஆகியவற்றால் தொற்றும். கறுப்புக் கண்ணாடி கூச்சத்தைத் தணிக்குமேயன்றிப் பரவுதலைத் தடுக்காது. குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியை ஒற்றி, கைகளை அடிக்கடி சோப்பிட்டுக் கழுவி வந்தால், பொதுவாக ஓரிரு வாரங்களில் தணியும். மஞ்சள் நிறச் சீழ் மிகுந்தால் வைத்தியரின் மருந்து தேவை.

சிவப்பைவிட அரிப்பே மிகுந்திருந்தால், அது தூசியோ மகரந்தமோ ஒவ்வாமையால் வந்ததாகலாம். கண்ணைக் கசக்காதிருத்தலே முதல் மருந்து. இமை ஓரத்தில் வலியுடன் எழும் கட்டிக்கு வெந்நீர் ஒற்றடம் போதும், அதைப் பிதுக்கலாகாது.

சாயப்பட்டறையில் காஸ்டிக் சோடா தெறித்தாலும், கண்ணில் சுண்ணாம்போ பூச்சிமருந்தோ பட்டாலும் நிலைமை வேறு. காரம் கண்ணின் உள்ளே ஊடுருவிச் செல்லும் இயல்புடையது. ஆகவே வைத்தியரைத் தேடி ஓடுமுன், இமைகளைத் திறந்து பிடித்து, சுத்தமான நீரைக் குறைந்தது அரைமணி நேரம் ஓடவிட்டுக் கழுவ வேண்டும். பின்னர் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்க.

உமி, சோகை, முள் முதலியன கருவிழியைக் கீறினால், அக்கீறல் வழியே பூஞ்சணம் புகக்கூடும். 1997-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், மதுரையில் கருவிழிப் புண்ணுடன் வந்த 434 பேர் பரிசோதிக்கப்பட்டனர். கிருமி கண்டறியப்பட்டோரில் பாக்டீரியாவும் பூஞ்சணமும் ஏறத்தாழச் சரிபாதியாக இருந்தன. ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து சிவப்பை விரைவில் மறைக்கும். உள்ளேயோ பூஞ்சணத்தை வளர்த்துவிடும். தாய்ப்பாலும் பச்சிலைச் சாறும் புண்பட்ட கண்ணுக்குப் புதிய கிருமிகளையே சேர்க்கும்.

வலி மிகுதல், பார்வை மங்கல், வெளிச்சம் பொறாமை, கருவிழியில் வெண்புள்ளி, காய்ச்சலுடன் இமை வீங்கிக் கண் பிதுங்குதல் ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றே கண் வைத்தியரிடம் செல்ல வேண்டும். காலையில் இரு இமைகளும், உடன் கால்களும் வீங்கினால் சிறுநீரகத்தைப் பரிசோதித்துக்கொள்வது நலம்.

நான் பார்வையிட்ட சங்கத்தின் நிர்வாகக் குழு, பொதுத் துண்டை அகற்றிச் சோப்பு வைக்கவும், சாயத் தொட்டியருகே குழாயும் பாதுகாப்புக் கண்ணாடியும் அமைக்கவும் தீர்மானித்தது. செலவு சொற்பமே. இழந்த பார்வைக்கு எந்தச் சங்கமும் கடன் வழங்க இயலாது. கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்யும் நிலை நம் அங்கத்தினர் எவருக்கும் வரலாகாது. அடுத்த கூட்டத்திலேயே இதனை விவாதிப்பீர்களாக.