பெரிய பர்னர், சின்ன சிலிண்டர்: பிக்கப் வண்டியில் இன்வெர்ட்டர் எப்படி இயங்குகிறது?

முகூர்த்த நாட்களில் பெங்களூரின் விடியற்காலைச் சாலைகள் கேட்டரிங் வண்டிகளுக்குச் சொந்தம். டாடா ஏஸ் என்கிற குட்டி யானை, பக்கத்து ஓசூரில் தயாராகும் அசோக் லேலண்ட் தோஸ்த், மஹிந்திரா பொலேரோ பிக்கப் என்று எல்லாவற்றிலும் அண்டாவும் அடுப்பும் ஏறியிருக்கும். மண்டபத்தில் கரண்ட் இருக்கும். பந்தல் போட்ட காலி மனையில் இருக்காது. சட்னி அரைக்க மிக்ஸி ஓட வேண்டும், பரிமாறும் இடத்தில் நாலு விளக்கு எரிய வேண்டும். டாஷ்போர்டின் லைட்டர் சாக்கெட்டில் சொருகும் 150 வாட்ஸ் இன்வெர்ட்டர் பெட்டியில் செல்போன் சார்ஜ் ஆகும், லேப்டாப் ஓடும். மிக்ஸியைப் போட்டால் ‘பீப்’ என்று கத்திவிட்டு அணைந்துவிடும்.

உடனே தோன்றுவது, எஸ்.பி. ரோட்டுக்குப் போய் 1500 வாட்ஸ் இன்வெர்ட்டர் ஒன்றை வாங்கி மாட்டிவிடலாம் என்பதுதான். வாங்கலாம். ஆனால் மொத்த வேலையில் சுலபமானது அந்தப் பெட்டியை வாங்குவது மட்டுமே. மீதியைப் புரிந்துகொள்ள, அந்த வண்டியிலேயே ஏறியிருக்கும் கேஸ் அடுப்பைப் பார்த்தால் போதும்.

சிலிண்டர், குழாய், பர்னர்

வீட்டுச் சமையலறையில் 14.2 கிலோ சிலிண்டர், ஒரு ரெகுலேட்டர், விரல் தடிமனில் ஒரு குழாய், இரண்டு பர்னர். இந்த ஏற்பாட்டில் பர்னரை மட்டும் கழற்றிவிட்டுக் கல்யாண அடுப்பின் பெரிய பர்னரை மாட்டினால் என்ன ஆகும்? நெருப்பு சோம்பலாக எரியும். பர்னர் கேட்கும் அளவுக்கு கேஸைக் குழாயும் ரெகுலேட்டரும் விடாது. அவற்றை மாற்றினாலும் சிலிண்டர் தடுமாறும். உள்ளே இருப்பது திரவம். அது ஆவியாகும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதை மீறி இழுத்தால் சிலிண்டர் குளிர்ந்து, வெளிப்புறம் வியர்த்து, பனி படர்ந்து, நெருப்பு சுருங்கிவிடும். உள்ளே பாதி கேஸ் மிச்சமிருக்கும். அடுப்பு மட்டும் எரியாது. சமையல்காரர்கள் சிலிண்டரைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்திவைப்பதும், ஓட்டல்களில் பல சிலிண்டர்களை ஒரே குழாயில் கோப்பதும் இதனால்தான்.

வண்டியில் சிலிண்டர் இருக்கும் இடத்தில் பேட்டரி, குழாய் இருக்கும் இடத்தில் கேபிள், பர்னர் இருக்கும் இடத்தில் இன்வெர்ட்டர். பர்னரை மாற்றுகிறவர் சிலிண்டர் வரைக்கும் யோசித்தாக வேண்டும்.

பெட்டிக்குள் நடப்பது

பேட்டரி தருவது 12 வோல்ட் டிசி. மிக்ஸி கேட்பது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் ஏசி. இன்வெர்ட்டர் இதை இரண்டு கட்டமாகச் செய்கிறது. முதல் கட்டத்தில், மாஸ்ஃபெட் எனும் ஸ்விட்சுகள் 12 வோல்ட்டை நொடிக்குப் பல ஆயிரம் தடவை வெட்டி, ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியே 350 வோல்ட் அளவிலான டிசியாக உயர்த்துகின்றன. 230 வோல்ட் ஏசியின் உச்சம் 325 வோல்ட் என்பதால் இவ்வளவு உயரம் தேவைப்படுகிறது. இரண்டாம் கட்டத்தில், நாலு ஸ்விட்சுகள் அதை முன்னும் பின்னுமாகத் திருப்பி அலையாக வடிக்கின்றன. இந்த அலை வழவழப்பாக இருந்தால் ‘பியூர் சைன்’. படிக்கட்டாக இருந்தால் ‘மாடிஃபைட் சைன்’. படிக்கட்டு அலையில் பல்பு எரியும்; கிரைண்டர், ஃபிரிட்ஜ் மோட்டார்கள் உறுமும், சூடேறும். மோட்டார் ஓட்டப்போகிறவர் பியூர் சைனுக்குத்தான் காசு போட வேண்டும்.

இந்த மாற்றத்தில் பத்தில் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். பெட்டியின் ஃபேன் இரைவது அதனால்தான்.

கணக்கு எங்கே உதைக்கிறது

வாட்ஸை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். வீட்டில் 1500 வாட்ஸ் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர்தான் இழுக்கும். அதே 1500 வாட்ஸை 12 வோல்ட்டிலிருந்து எடுத்தால் 125 ஆம்பியர். பெட்டியின் நஷ்டத்தையும் பேட்டரி வோல்டேஜ் இறங்குவதையும் சேர்த்தால் 150. லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸோ 15 அல்லது 20 ஆம்பியர். அந்தச் சாக்கெட் 150 வாட்ஸ் பெட்டியோடு நின்றுகொள்வதன் ரகசியம் இவ்வளவுதான்.

பேட்டரியிலிருந்து சரக்குப் பெட்டிக்கு மூன்று மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். போக வர ஆறு மீட்டர். அதற்கு 10 ஸ்கொயர் எம்.எம். தாமிர ஒயர் போட்டால், 150 ஆம்பியர் ஓடும்போது வழியிலேயே சுமார் ஒன்றரை வோல்ட் காணாமல் போகும். 12 வோல்ட் பத்தரையாக இறங்கிவிடும். பெரும்பாலான இன்வெர்ட்டர்கள் பேட்டரி காலி என்று எண்ணிக் கத்தும் அளவு அது. அந்த ஒன்றரை வோல்ட் சுமார் 230 வாட்ஸ் சூடாக ஒயருக்குள்ளேயே தங்குகிறது. 50 ஸ்கொயர் எம்.எம். கேபிள் போட்டால் இழப்பு 0.3 வோல்ட்தான். வெல்டிங் கேபிள் நன்றாக வளையும் என்பதால் பலர் அதைப் போடுவார்கள். தாமிரமா என்று நுனியைச் சீவிப் பாருங்கள், அலுமினியத்திலும் விற்கிறார்கள்.

பெரிய லாரிகள் 24 வோல்ட்டில் ஓடுவதற்கும் இதே கணக்குதான் காரணம்: வோல்டேஜ் இரட்டித்தால் ஆம்பியர் பாதியாகும். அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-150 ஹைபிரிட் பிக்கப் தொழிற்சாலையிலிருந்தே 7.2 கிலோவாட் வரை பிளக்கில் தருகிறது என்றால், அதன் பின்னால் உயர் வோல்டேஜ் பேட்டரியும் இன்ஜினோடு இணைந்த பெரிய ஜெனரேட்டரும் இருக்கின்றன. நம் 12 வோல்ட் பிக்கப்பை அதோடு ஒப்பிட முடியாது.

சிலிண்டர் வியர்க்கும் இடம்

வண்டியின் பேட்டரி 70 ஏ.ஹெச்., அதாவது ஆம்பியர்-மணி, என்றால், 150 ஆம்பியர் இழுத்தால் 28 நிமிடம் வரும் என்று பேப்பரில் போடலாம். ஆனால் அந்த 70 என்பது பொதுவாக 20 மணி நேரத்தில் மெதுவாக, மூன்றரை ஆம்பியர் வீதம் எடுத்தால் கிடைப்பது. வேகமாக இழுத்தால் ரசாயன மாற்றம் ஈடுகொடுக்காது. கால் மணி நேரம் தாங்கினாலே பெரிது. வண்டி பேட்டரியின் தகடுகள் மெல்லியவை. ஸ்டார்ட்டருக்குச் சில நொடி வேகம் கொடுப்பதற்கென்று செய்தவை. அடிக்கடி அடிவரை காலி செய்தால் சில மாதங்களில் படுத்துவிடும். சிலிண்டரைக் கடைசிச் சொட்டு வரை எரிக்கலாம், பேட்டரியை அப்படிச் செய்யக் கூடாது.

இன்ஜினை ஓடவிட்டால் டைனமோ, அதாவது ஆல்டர்னேட்டர், கைகொடுக்கும். ஆனால் 90 ஆம்பியர் என்று எழுதியிருப்பது இன்ஜின் நல்ல வேகத்தில் சுற்றும்போதுதான். சில்க் போர்டு நெரிசலில் நிற்கும் ஐடிலில் ஏறக்குறைய பாதிதான் வரும். அதிலும் வண்டி தனக்கென்று எடுத்துக்கொள்ளும். மண்டபத்தின் பேஸ்மென்ட்டில் இன்ஜினை ஓடவிட்டு அரைக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், புகை ஆளைக் கொன்றுவிடும்.

மணிக்கணக்கில் ஓட வேண்டுமானால் தனியாக இரண்டாவது பேட்டரி, அதற்கு டிசி-டிசி சார்ஜர். லித்தியம் வாங்கினால் அதன் பாதுகாப்பு சர்க்கியூட் எத்தனை ஆம்பியர் விடும் என்று பாருங்கள், 100 ஏ.ஹெச். பேட்டரி பல சமயம் 100 ஆம்பியரோடு கதவைச் சாத்திவிடும்.

மூக்குக்குத் தெரியாத ஆபத்து

கேஸ் கசிந்தால் நாற்றம் வரும். அதற்கென்றே வாசனை ரசாயனம் கலக்கிறார்கள். ஒயர் சூடேறினால் இன்சுலேஷன் உருகும் வரை தெரியாது. ஆகவே ஃபியூஸ் கட்டாயம். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் அது இருக்க வேண்டும். 50 ஸ்கொயர் எம்.எம். கேபிளுக்கு 200 ஆம்பியர் ஃபியூஸ் சரி. இன்வெர்ட்டர் பக்கத்தில் ஃபியூஸை வைத்துவிட்டு, நடுவழியில் கேபிள் சேஸிஸில் உரசி ஷார்ட் ஆனால், அந்த ஃபியூஸுக்குத் தகவலே போகாது.

மாட்டும்போது முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். கேபிள் நுனியில் மாட்டும் லக்கைச் சுத்தியலால் தட்டி ஒப்பேற்றாமல் ஹைட்ராலிக் கிரிம்பரால் அழுத்தச் சொல்லுங்கள். தகரத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள். பெட்டிக்குக் காற்று வேண்டும், தண்ணீர் படக் கூடாது, இன்ஜின் பக்கம் வைக்கக் கூடாது.

கடையில் அட்டைப்பெட்டியின் 3000 வாட்ஸை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் நொடி நேர உச்சம். பின்பக்கம் ஃபியூஸ் தெரிந்தால் எண்ணிக் கூட்டிப் பன்னிரண்டால் பெருக்குங்கள். 30 ஆம்பியரில் இரண்டுதான் என்றால், அது 720 வாட்ஸ் பெட்டி.

வாங்கலாமா?

750 வாட்ஸ் மிக்ஸி சுமார் 70 ஆம்பியர் இழுக்கும். ஐந்து நிமிடச் சட்னிக்கு ஆறு ஏ.ஹெச். செலவு. இன்ஜின் ஓட, தடித்த கேபிளோடு, எந்தப் பிக்கப்பும் இதைத் தாங்கும். அரை நாள் கிரைண்டர் ஓட்டவும் ஃபிரீசர் வைக்கவும் வாடகை ஜெனரேட்டரே மலிவு. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் மாட்டுகிற எலக்ட்ரீஷியனிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: “அண்ணா, எத்தனை ஸ்கொயர் கேபிள் போடப்போறீங்க? ஃபியூஸை எங்க வைப்பீங்க?” இரண்டுக்கும் யோசிக்காமல் பதில் வந்தால் வண்டிச் சாவியைக் கொடுங்கள். வராவிட்டால் ஜே.சி. ரோட்டில் அடுத்த கடை இருக்கிறது.