ஏறும்போது வழுக்காத கால், இறங்கும்போது ஏன் வழுக்குகிறது?

கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம், தலையில் விறகுக் கட்டோடு சரிவில் இறங்கும் பெண்களைக் கவனித்திருக்கிறீர்களா? அவர்களுக்கு ஒவ்வொரு அடியும் ஒரு பிரேக்.

பிரேக் பிடிப்பது தொடைத் தசை. பாரத்தைத் தாங்கியபடியே அது நீள வேண்டும். அதனால் சீக்கிரம் தளர்ந்து நடுங்கும்.

கீழே சரளைக்கல். தரையில் சிந்திய சாமைமேல் கால் வைத்ததுண்டா? அப்படித்தான் உருளும். குனிந்து பார்க்கத் தலைச்சுமை விடாது. பாரம் உச்சியில் இருப்பதால் சிறு தடுமாற்றமும் ஆளையே சாய்த்துவிடும். இதைக் கவனக்குறைவு என்பது அநியாயம்.

விழும்போது என்ன செய்வோம்? கையை ஊன்றுவோம். எடை மணிக்கட்டில் இறங்கும். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு மெலிகிறது. அதனால்தான் அதே இடத்தில் விழுந்த மகள் சிராய்ப்போடு எழ, அம்மாவுக்கு மணிக்கட்டு முறிகிறது.