அலுவலும் மனநிறைவும்

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்பது ஈழத்துத் தமிழரிடையே நெடுங்காலமாக வழங்கும் பழமொழி. அரசாங்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் நம்மவர் நாவிற் பட்டுக் கோறணமேந்து ஆயிற்று. இப்பழமொழி கூறுவது யாது? வேலை எதுவாயினும் ஆகுக. அதைத் தருபவர் அரசினராக இருத்தல் வேண்டும் என்பதே. மாதச் சம்பளமும், முதுமையில் ஓய்வூதியமும், ஊரார் மதிப்பும் அதனுள் அடங்கிவிடுகின்றன. மேய்ப்பவனுக்கு அவ்வேலையில் விருப்பம் உண்டா, கோழிகள்தாம் கொழுத்தனவா என்பன பற்றிப் பழமொழிக்குக் கவலை இல்லை.

கந்தோர் என்ற சொல் ஒல்லாந்தர் விட்டுச் சென்றது. 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட அவர்கள் அலுவலகத்தைத் தம் மொழியில் அவ்வாறே வழங்கினர். கச்சேரியோ வடஇந்திய மொழிகளின் வழியாக வந்தது. தமிழகத்தில் அச்சொல்லைக் கேட்டவுடன் வீணையும் மிருதங்கமும் நினைவுக்கு வரும்; ஈழத்தில் நினைவுக்கு வருவது நீண்ட வரிசை. உத்தியோகம் என்பதன் கதை இவற்றினும் சுவையானது. வடமொழியில் அதற்கு முயற்சி என்பது பொருள். பாரதப் போருக்கு முன் நிகழ்ந்த முயற்சிகளைக் கூறும் பகுதிக்கு உத்தியோக பருவம் என்று பெயர். நம் பேச்சு வழக்கிலோ முயற்சி முடிந்து கதிரை கிடைத்த பின்னரே உத்தியோகம் தொடங்குகின்றது!

கொக்கிளாயிற் பிறந்து, முல்லைத்தீவில் ஒரு செயலகத்தில் எழுதுவினைஞராக இருக்கும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். கொக்கிளாய் முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடி ஊர். கிழக்கே கடல், அருகே கடல்நீரேரி. அவருடைய தகப்பனார் கடலோடி. தகப்பனார் 'தொழிலுக்குப் போகிறார்'. மகன் 'உத்தியோகம் பார்க்கிறார்'. அயலவர் 'கமம் செய்கிறார்'. போவதும் செய்வதும் மற்றவர்க்கு ஆக, பார்ப்பது மட்டும் எழுதுவினைஞருக்கு வாய்த்திருக்கின்றது. மாலையில் கரையில் ஒருவரையொருவர் கண்டால், "இண்டைக்குப் பாடு எப்படி?" என்பர் கடற்றொழிலாளர். பாடு என்பது அன்றைய மீன்பிடி. கரைவலை வளைக்கும் கடற்கரைத் துண்டுக்கும் பாடு என்றே பெயர். பட்ட உழைப்பும் பாடுதான். இடம், உழைப்பு, பயன் ஆகிய மூன்றையும் ஒரே சொல் அணைத்து நிற்கின்றது. எழுதுவினைஞரிடம் வேலை எப்படி என்று கேட்டாலோ, "ஏதோ போகுது" என்பார். எது போகின்றது, எங்கே போகின்றது என்பதை அவரும் சொல்வதில்லை, கேட்டவரும் வினவுவதில்லை.

இது சம்பளக் குறைவினால் மட்டும் வரும் விடை என்று கொள்வது பொருந்தாது. நல்ல சம்பளம் பெறுவோரும் இதனையே சொல்கின்றனர். வெறுங்கையோடு கரையேறும் கடற்றொழிலாளி "இண்டைக்குப் பாடு இல்லை" என்று துயரத்தோடு சொல்வார். ஆயினும் தம் உழைப்பு என்னவாயிற்று என்பது அவருக்குத் தெரியும். எழுதுவினைஞருக்கு அது தெரிவதில்லை. அவர் எழுதிய குறிப்பு கோவையினுள் புகுந்து மேலே செல்கின்றது. பின்னர் அதைக் காண்பது அரிது.

சொல்லுக்கும் வேலைக்கும் உள்ள இவ்வுறவை வன்னி உழவர் நன்கு அறிந்திருந்தனர். சூடு மிதிக்கும் களத்தில் அவர்கள் பேசிய மொழியே வேறு. அங்கே நெல்லை நெல் என்னாது பொலி என்பர். விளைவு பொலிய வேண்டும் என்ற வேண்டுதல் அச்சொல்லிலேயே உண்டு. இத்தகைய களத்து மொழி குறித்து 1884 இல் கட்டுரை எழுதியவர் ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கிலேயர். இலங்கைச் சிவில் சேவையில் இருந்த அவர், 1895 இல் வன்னி மாவட்டங்கள் பற்றிய பெருங்கைந்நூல் ஒன்றையும் வெளியிட்டார். வரி கேட்கப் போகும் அதிகாரி களத்திலே சொல் கேட்டு நிற்பது அரிய காட்சியன்றோ!

ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் இத்தகைய சொல்லை நன்னூலார் குழூஉக்குறி என்பார். கந்தோருக்கும் குழூஉக்குறி உண்டு. 'பரிசீலனையில் உள்ளது', 'உரிய நடவடிக்கை எடுக்கப்படும்' என்பன அவை. களத்துச் சொல் விளைவை அழைக்கின்றது. கந்தோர்ச் சொல் செய்பவரை மறைக்கின்றது. எடுப்பவர் யார், எப்போது எடுப்பார் என்னும் இரண்டையும் 'எடுக்கப்படும்' என்னும் செயப்பாட்டுவினை விழுங்கிவிடுகின்றது. இதில் வரும் படு என்னும் சொல்லே நீண்டு பாடு ஆகும் என்பதை இலக்கணம் கற்றோர் அறிவர். தகப்பனாரின் பாட்டில் மீன் படுகின்றது. மகனின் கடிதத்தில் ஆள் மறைந்து போகின்றார்.

ஆயினும் கந்தோரிலேயே நல்ல சொல் ஒன்று உண்டு, அதுவே அலுவல். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் "கச்சேரியில் ஓர் அலுவல் இருக்கு" என்று சொல்பவர் உத்தியோகத்தர் அல்லர். அங்கே போகும் ஊரவர். அவ்வகையிற் பார்த்தால் அலுவலகம் என்பது வருபவருடைய அலுவலுக்கான இடம். கொக்கிளாய் மக்களுக்கு இவ்வலுவல் சிறியதன்று. 1984 டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி ஆகிய ஊரவர் தம் இருப்பிடங்களை விட்டு வெளியேற நேர்ந்தது. கால் நூற்றாண்டு கழிந்து, 2009 இல் போர் முடிந்த பின்னரே மீளக் குடியேறும் வாய்ப்பு வந்தது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935 ஆம் ஆண்டினது; அதன்கீழ் ஒருவர்க்கு அளிக்கப்பட்ட அனுமதிப்பத்திரம் ஒரு தாள். ஓடிய வழியில் அந்தத் தாளை இழந்தவர்க்கு, அவர் பெயர் பதிந்த பழைய பேரேடு ஒன்றே துணை. அதைத் தேடி எடுப்பவர் எழுதுவினைஞர்.

"என்ரை அலுவல் என்ன மாதிரி, தம்பி?" என்று முதிய பெண்மணி ஒருவர் மேசையருகே வந்து நிற்கும்போது, பரிசீலனையில் உள்ளது என்பதும் ஒரு விடைதான். "உங்கடை பேர் இடாப்பிலே இருக்கு, ஆச்சி, நான் பார்த்தனான்" என்பதும் ஒரு விடையே. பின்னையதில் 'நான்' வந்துவிடுகின்றது. அதனால் பொறுப்பும் வருகின்றது. மேலதிகாரி வினவினால் விடை சொல்லவும் வேண்டும். பலர் முன்னையதை விரும்புவதற்குக் காரணம் சோம்பல் அன்று, அச்சமே. அச்சத்தோடு முப்பது ஆண்டுகள் இருந்தவர் 'இளைப்பாறினார்' என்று நம் ஊரார் சொல்வது மிகவும் பொருத்தம்; பெயர் தேடிக் களைத்தவருக்கும் அச்சொல்லே வழங்குகின்றது.