'பிரிங்', 'டேக்': வினையின் திசையும் மொழிபெயர்ப்பும்

ஆங்கிலத்தின் 'பிரிங்', 'டேக்' என்னும் இரு வினைகளும் ஒரு பொருளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் சேர்ப்பதைக் குறிக்கின்றன. செயல் ஒன்றேயாயினும் திசை வேறு. பேசுவோரோ கேட்போரோ இருக்கும் இடம் நோக்கிய பெயர்ச்சிக்கு முன்னதும், அவ்விடத்தை விட்டு அகலும் பெயர்ச்சிக்குப் பின்னதும் பொதுவாக வழங்கும். சார்லஸ் ஃபில்மோர் 1971இல் சாந்தா குரூசில் ஆற்றிய சொற்பொழிவுகளில் இத்தகைய சுட்டுப்பொருளை விரிவாக ஆராய்ந்தார்.

தமிழ் இலக்கண மரபிற்கு இது புதிதன்று. செலவு, வரவு, தரவு, கொடை என்னும் நான்கனுள் தருதலும் வருதலும் தன்மை, முன்னிலைகளுக்கும், ஏனைய இரண்டும் படர்க்கைக்கும் உரியன எனத் தொல்காப்பியக் கிளவியாக்கம் வரையறுக்கிறது. 'எனக்குத் தா', 'அவனுக்குக் கொடு' என்னும் இவ்வேறுபாடு இன்றைய தமிழில் நெகிழ்ந்துள்ளது. மலையாளத்தில் உயிர்ப்புடன் விளங்குகிறது. மைசூரு ஹெப்பாளில் வழங்கும் கன்னடத்திலோ 'தா' என்பது 'கொண்டு வா' எனப் பொருள்படும். 'கொடு' என்பதே ஈதலைக் குறிக்கும். ஒரே திராவிட வேர், ஒரு மொழியில் 'கிவ்' என்பதற்கும் மற்றொன்றில் 'பிரிங்' என்பதற்கும் நிகராகிறது.

தமிழில் திசையை உணர்த்துவன 'வா', 'போ', 'செல்' என்னும் துணைவினைகளே. முதல்வினை பெயர்க்கப்படுவதன் இயல்பைக் காட்டும்: கோப்பைக் 'கொண்டு வருவர்', குழந்தையை 'அழைத்து வருவர்'. ஆங்கிலம் இவ்விரண்டையும் ஒரே வினையில் அடக்கும். ஆகவே மொழிபெயர்ப்பாளர் இரு முடிவுகளை எடுக்கவேண்டியவராகிறார்.

'டேக்' என்பதில் இடர் மிகுதி. 'பெறு' என்னும் பொருளும் அதற்குண்டு. மூலச் சான்றிதழ்களை அலுவலகத்திற்கு எடுத்துச் செல்லுமாறு கூறும் வழிகாட்டியில் அவற்றைப் 'பெற்றுக்கொள்க' எனப் பெயர்த்தால், ஒப்படைக்க வேண்டியவர் வெறுங்கையுடன் செல்ல நேரும். அவ்வலுவலகமே விடுக்கும் அறிவிப்பாயின் 'கொண்டு வருக' என்பதே பொருந்தும். அறிவிப்பவர் நிற்குமிடம் அதுவே.

கதைமொழியில் இவ்வேறுபாடு நோக்குநிலையைச் சார்ந்தது. நோயாளியிடம் ஒருவன் பூக்களைக் 'கொண்டு வந்தான்' எனில், வாசகர் நோயாளியின் அருகில் இருக்கிறார். 'கொண்டு போனான்' எனில், புறப்பட்ட இடத்தில் நிற்கிறார். மூலம் 'பிரிங்' என்றிருக்கப் பின்னதைக் கையாண்டால், நிகழ்ச்சி மாறாது. அதனைக் காணும் கண் மாறிவிடும்.

எனவே இவ்வினைகளை அகராதி நிகரனைக் கொண்டு மட்டும் பெயர்த்தல் போதாது. யார், யாரிடம், எங்கிருந்து பேசுகிறார் என்பதை முதற்கண் துணிந்து, அதன்பின் சொல்லைத் தெரிதலே முறையாகும்.