ஒரு குடியானவக் குடும்பத்தின் சுவடுகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் குடியேறிய உழவர் வீடுகளில் நூல்கள் மிகக் குறைவு. ஆயினும் பெரும்பாலான வீடுகளில் கனத்த வேதாகமம் ஒன்று இருந்தது. பழைய ஏற்பாடு முடிந்து புதிய ஏற்பாடு தொடங்குமிடத்தில் அச்சிட்டோர் சில பக்கங்களைக் கோடிட்டு வெறுமையாக விட்டிருப்பர். பிறப்பு, திருமணம், இறப்பு என்னும் தலைப்புகள் மட்டுமே அவற்றில் அச்சாகியிருக்கும். எஞ்சியதை வீட்டார் தம் கையால் எழுதிக் கொள்ளவேண்டும். ஏர் பிடித்துக் காய்த்துப்போன கைகள் இறகுப் பேனாவை எடுத்து, ஒரு பிள்ளையின் பெயரையும் நாளையும் மெல்ல எழுதிய பக்கங்கள் அவை.

அத்தகைய வேதாகமம் ஒன்றில், 1870-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3-ஆம் நாள் கான்சாஸ் மாநிலத்து மாண்ட்கோமரி மாவட்டத்தில் ஒரு பெண்மகவு பிறந்தது என்ற குறிப்பு உள்ளது. அக்குழந்தை கேரி. தந்தை சார்லஸ் இங்கல்ஸ், தாய் கரோலின். கேரியின் அக்காள் லாரா முதுமையில் தன் இளமைக் காலத்தைச் சிறுவர்களுக்கான கதைகளாக எழுதினார். 1932 முதல் 1943 வரை எட்டு நூல்கள் வெளிவந்தன. அவற்றால் உலகெங்கும் அறிமுகமான இக்குடும்பத்தின் உண்மை வரலாற்றை ஆய்வாளர் எவ்வாறு தேடிக் கண்டனர் என்பதை அறிவது, தம் முன்னோரைத் தேட விரும்பும் எவருக்கும் பயன் தரும். தேடல் எங்கே மனத்தைச் சுடும் என்பதையும் அது காட்டுகிறது.

பெயரிலிருந்து பெயருக்கு

அமெரிக்காவில் பத்தாண்டுக்கு ஒருமுறை குடிமதிப்பு எடுக்கும் வழக்கம் 1790-இல் தொடங்கிற்று. 1840 வரையில் குடும்பத் தலைவரின் பெயரை மட்டுமே எழுதினர். மனைவி மக்கள் வெறும் எண்ணிக்கையே. 1850-இல்தான் வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பெயரும் ஏடேறிற்று. அவர் தலைவருக்கு என்ன உறவு என்பதை 1880 முதலே குறித்தனர். 1890-ஆம் ஆண்டின் கணக்கோ 1921-இல் வாஷிங்டனில் நேர்ந்த தீவிபத்தில் பெரும் சேதமுற்று, பின்னர் ஏறத்தாழ முழுவதும் அழிந்தது. ஆகவே 1880-க்கும் 1900-க்கும் இடையே இருபதாண்டு இருள். இந்த இருளைத் தாண்ட நிலப் பத்திரங்கள், கோவில் ஏடுகள், ஊர்ச் செய்தித்தாள்கள், கல்லறைக் கற்கள் ஆகியவற்றின் துணையை நாடவேண்டும்.

பெண்களின் வழியைத் தேடுவது இன்னும் கடினம். மணமானதும் பிறந்த வீட்டுப் பெயர் மறைந்துவிடுகிறது. இங்கல்ஸ் குடும்பத்தில் இச்சிக்கலை அவிழ்க்க ஒரு வழி கிடைத்தது. சார்லஸ் 1836-இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். அவருடைய மூதாதையான எட்மண்ட் இங்கல்ஸ் 1629-இலேயே இங்கிலாந்திலிருந்து வந்து மாசசூசெட்ஸில் குடியேறியவர். கரோலின் 1839-இல் விஸ்கான்சினில் குவைனர் குடும்பத்தில் பிறந்தவர். அவருக்கு ஐந்து வயதிருக்கையில் தந்தை மிச்சிகன் ஏரியில் கப்பல் மூழ்கி மாண்டார். விஸ்கான்சினில் அண்டை வீட்டாராக வாழ்ந்த இவ்விரு குடும்பங்களுக்கும் இடையே கொள்வினை கொடுப்பினை மும்முறை நிகழ்ந்தது. சார்லஸ் கரோலினை மணந்தார்; அவர் அண்ணன் பீட்டர் கரோலினின் தங்கை எலைசாவை மணந்தார்; சார்லஸின் தங்கை பாலி கரோலினின் அண்ணன் ஹென்றியை மணந்தார். ஒரு குடும்பத்தைத் தேடுவோர் அதன் சம்பந்திகளையும் தேடவேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

நினைவு தவறிய இடத்தில்

சார்லஸ் ஓரிடத்தில் நிலைத்து வாழ்ந்தவரல்லர். விஸ்கான்சினில் பெப்பின் நகரருகே காட்டுநிலம் வாங்கினார். அங்கேதான் 1865-இல் மேரியும் 1867-இல் லாராவும் பிறந்தனர். 1869-இல் மூடுவண்டியில் கான்சாஸ் சென்றார். 1871-இல் மீண்டும் விஸ்கான்சின். 1874-இல் மின்னசோட்டா. 1876-இல் அயோவா. அடுத்த ஆண்டே திரும்பவும் மின்னசோட்டா. 1879-இல் டக்கோட்டா. பத்தாண்டுக்குள் இத்தனை இடப்பெயர்ச்சி!

கான்சாஸில் அவர்கள் வாழ்ந்த மரவீடு எங்கே இருந்தது? லாராவுக்கே தெரியவில்லை. அங்கிருந்தபோது அவருக்கு வயது இரண்டிலிருந்து நான்கு வரை. பெற்றோர் சொல்லக் கேட்ட நினைவைக் கொண்டு, இண்டிபெண்டன்ஸ் நகரிலிருந்து நாற்பது மைல் என்று கதையில் எழுதினார். 1930-களில் அவரும் மகள் ரோசும் இடத்தைத் தேடியபோது அந்த நாற்பது மைல் கணக்கு அவர்களைத் தெற்கே ஓக்லஹோமாவுக்குள் திருப்பிவிட்டது. வீடு அகப்படவில்லை.

பின்னாளில் உள்ளூர் ஆய்வாளர் ஒருவர் 1870-ஆம் ஆண்டுக் குடிமதிப்பு ஏட்டைப் புரட்டினார். மாண்ட்கோமரி மாவட்டத்து ரட்லண்ட் வட்டாரத்தில் இங்கல்ஸ் குடும்பம் பதிவாகியிருந்தது. ஆனால் சார்லஸ் அந்நிலத்திற்குப் பத்திரம் எதுவும் பதியவில்லை. பத்திரமில்லாத நிலத்தை எப்படிக் கண்டறிவது? கணக்கெடுப்பவர் வீடுவீடாக வரிசையாய்ச் சென்றவர். எனவே முன்னும் பின்னும் எழுதப்பட்ட அண்டை வீட்டாரின் நிலப் பதிவுகளைத் தேடி, இடையில் எஞ்சிய மனையைக் கணக்கிட்டனர். அது இண்டிபெண்டன்ஸிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழப் பதின்மூன்று மைல்! அவ்வீட்டில் வாழ்ந்தவர் காணாததை அண்டை வீட்டாரின் பதிவேடு காட்டிக் கொடுத்தது. அந்த அண்டை வீட்டாருள் ஒருவர் ஜார்ஜ் டான் என்னும் கறுப்பின மருத்துவர். குடும்பம் முழுவதும் குளிர்காய்ச்சலில் கிடந்தபோது அவர்களைப் பிழைப்பித்தவர் அவரே. அவருடைய கல்லறை இண்டிபெண்டன்ஸ் நகரில் இன்றும் உள்ளது.

வெறுமையாக விட்ட கட்டம்

அதே குடிமதிப்பு ஏட்டில் நம்மைத் தடுத்து நிறுத்தும் ஒன்று உண்டு. நிலத்தின் மதிப்பை எழுதவேண்டிய கட்டத்தில் தொகை ஒன்றும் இல்லை. காரணம், அந்நிலம் குடியேறியவர்களுடையதன்று. ஓசேஜ் பழங்குடி மக்களுடையது. அரசின் உடன்படிக்கைப்படி அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட பூமியில் சார்லஸும் அவரைப்போல் ஆயிரக்கணக்கானோரும் உரிமையின்றிப் புகுந்தனர். 1870-இல் அமெரிக்கப் பேராயம் சட்டம் இயற்றி அந்நிலத்தை விற்கச் செய்ய, ஓசேஜ் மக்கள் தெற்கே பெயர்ந்து சென்றனர்.

அம்மக்களிடையே 1847 முதல் இயேசு சபைக் குருக்கள் பணியாற்றி, ஞானஸ்நானங்களையும் திருமணங்களையும் ஏட்டில் பதிந்து வந்தனர். தம் வேர்களைத் தேடும் ஓசேஜ் குடும்பங்களுக்கு அவ்வேடுகள் அரிய சான்று. ஒரே மண்ணில் இரு குடும்பங்களின் வரலாறு கிடக்கிறது: ஒன்று உழ வந்தவருடையது, மற்றது வெளியேற்றப்பட்டவருடையது. முதலாவதை மட்டும் படித்துவிட்டு எழுந்து போவது நேர்மையாகாது.

கதையில் இடம் பெறாத பிள்ளை

மின்னசோட்டாவில் வால்நட் குரோவ் அருகே சார்லஸ் 172 ஏக்கர் நிலத்தில் கோதுமை பயிரிட்டார். அவ்வாண்டுகளில் வெட்டுக்கிளிப் படை அப்பகுதி முழுவதையும் தின்று தீர்த்தது. 1875-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் அவருக்கு ஓர் ஆண்மகன் பிறந்தான். சார்லஸ் பிரடெரிக் என்று பெயரிட்டு, பிரெடி என்று அழைத்தனர். நான்கு பெண்கள் பிறந்த அக்குடும்பத்தில் ஒரே ஆண்பிள்ளை. அம்மாத இறுதியில் தந்தை அதிகாரிகள் முன் நின்று, தம்மிடம் பிழைக்க வழி ஏதுமில்லை எனச் சத்தியம் செய்து, இரண்டு அரைப் பீப்பாய் மாவை நிவாரணமாகப் பெற்றார். தன்மானமுள்ள உழவனொருவன் அவ்வாறு கைநீட்ட நேர்ந்ததைப் பழைய ஏடு சொல்கிறது, கதை சொல்லவில்லை.

1876-இல் நிலத்தை விற்று அயோவாவை நோக்கிப் புறப்பட்டனர். வழியில் கிழக்கு மின்னசோட்டாவில் பீட்டர் பெரியப்பாவின் பண்ணையில் தங்கியிருந்தபோது, ஆகஸ்ட் 27-ஆம் நாள் பிரெடி இறந்தான். வயது பத்து மாதம்கூட நிறையவில்லை. சிறு உடலை அங்கேயே புதைத்துவிட்டுப் பயணத்தைத் தொடர்ந்தனர். அக்கல்லறை இருந்த இடம் இன்றளவும் அடையாளம் காணப்படவில்லை.

அயோவாவில் பர் ஓக் என்னும் சிற்றூரில் ஒரு விடுதியில் வேலை செய்து பிழைத்தனர். 1877-இல் கிரேஸ் பிறந்தாள். கடன் தீராத நிலையில் ஓரிரவு ஊர் உறங்கும்போது வண்டி கட்டி வெளியேறினர். லாராவின் கதைநூல்களில் பிரெடி இல்லை. பர் ஓக்கும் இல்லை. ஆனால் 1930-இல் அவர் பெரியோர்க்காக எழுதி, பதிப்பிக்க எவரும் முன்வராமல் கிடந்த தன்வரலாற்றில் இவை உள்ளன. 2014-இல்தான் அந்நூல் அச்சேறியது. சிறுவர் நூலில் மறைத்ததைத் தாளில் மறைக்க அவருக்கு மனம் வரவில்லை போலும்.

மேரிக்கு 1879-இல் பதினான்கு வயதில் பார்வை போயிற்று. செம்புள்ளிக் காய்ச்சலே காரணம் என்று கதை கூறும். 2013-இல் மருத்துவ ஆய்வாளர் சிலர், லாராவின் தன்வரலாறு, கடிதங்கள், அக்கால ஊர்ச் செய்தித்தாள்கள் ஆகியவற்றை ஆராய்ந்து, மூளையையும் அதன் உறைகளையும் தாக்கிய நச்சுயிரி நோயே காரணமாயிருக்கவேண்டும் என்று முடிவு செய்தனர். டக்கோட்டாவில் பார்வையற்றோர் பள்ளி இல்லாமையால், 1881-இல் மேரியை அயோவாவின் வின்ட்டன் நகர்ப் பள்ளிக்கு அனுப்பினர். 1889-இல் அவள் அங்கே படிப்பை நிறைவு செய்தாள்.

கடைசி மண்

1862-ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டம், புறம்போக்கு நிலத்தில் 160 ஏக்கரில் ஐந்தாண்டு வாழ்ந்து பயிர் செய்பவருக்கு அதனைச் சொந்தமாக்கிற்று. சார்லஸ் 1880-இல் டக்கோட்டாவில் டி ஸ்மெட் நகரருகே விண்ணப்பம் பதிந்து, 1886-இல் இறுதிச் சான்று அளித்தார். செவ்விந்தியரிடையே உழைத்த பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு பியேர் டி ஸ்மெட்டின் பெயரை அந்நகர் தாங்குகிறது. இத்தகைய இறுதிச் சான்றுகள் வாரிசுகளுக்குப் பொற்குவியல். வீடு எத்தனை அடி, உழுத நிலம் எத்தனை ஏக்கர், குடும்பத்தில் எத்தனை பேர், எப்போது குடிபுகுந்தனர் என்பவற்றை உழவரும் அண்டை வீட்டார் இருவரும் சாட்சியாகச் சொல்வர். அக்கோப்புகள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

1902-இல் சார்லஸ் அவ்வூரிலேயே மறைந்தார், 1924-இல் கரோலின். ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அவர்களுக்கு அருகே இன்னொரு சிறு கல் உண்டு. 1885-இல் அல்மான்சோ வைல்டரை மணந்த லாரா, 1889-இல் ஓர் ஆண்மகவை ஈன்றார். ஒரு மாதம் நிறையுமுன், பெயரிடவும் நேரமின்றி, அது இறந்தது. வைல்டரின் கைக்குழந்தை என்பது மட்டுமே கல்லில் இருக்கிறது. தாய்க்கு ஒரு பிள்ளை, மகளுக்கு ஒரு பிள்ளை. ஒன்றுக்குப் பெயருண்டு, கல்லில்லை. மற்றொன்றுக்குக் கல்லுண்டு, பெயரில்லை.

சார்லஸ்–கரோலின் தம்பதியரின் வமிசமே பின்னர் அற்றுப் போயிற்று. மேரி மணம் புரியவில்லை. கேரிக்கும் கிரேசுக்கும் பிள்ளைகள் பிறக்கவில்லை. லாரா 1957-இல் தொண்ணூறு வயதில் மறைந்தார். அவருடைய ஒரே மகள் ரோஸ் 1968-இல் வாரிசின்றி இறந்தார். இன்று அக்குடும்பத்தை நினைக்கப் பேரப்பிள்ளைகள் இல்லை. ஏடுகளே பேரப்பிள்ளைகளாய் நின்று அவர்கள் பெயரைச் சொல்கின்றன.

நம் வீட்டுப் பக்கம்

முன்னோரைத் தேடுவோர் பலர் பெருமையைத் தேடியே புறப்படுகின்றனர். வழியில் கடனும், இரவோடிரவாய் வெளியேறிய பயணமும், பிறர் நிலத்தில் போட்ட குடிசையும் எதிர்ப்படும்போது ஏட்டை மூடிவிடத் தோன்றும். மத்தேயு நற்செய்தியாளர் அப்படி மூடவில்லை. ஆண்டவருடைய வமிச அட்டவணையில் தாமாரையும் ராகாபையும் உரியாவின் மனைவியையும் அவர் விடாது குறித்தார். குறைகளை மறைத்து எழுதிய வரலாற்றில் முன்னோர் இருப்பதில்லை. நம் ஆசையே இருக்கும். சார்லஸ் இங்கல்ஸ் கைநீட்டி மாவு பெற்றதை அறிந்தபின் அவர்மீது நம் மதிப்புக் குறைகிறதா? பச்சிளம் பிள்ளையின் பசிக்காக அவர் விழுங்கிய மானத்தை அன்றோ அந்த ஏடு காட்டுகிறது!

அன்பு வாசகர்களே, ஞானஸ்நான ஏட்டை நாள்தோறும் கையாளும் ஒரு பங்குக் குரு என்ற முறையில் ஒரு வேண்டுகோள். வீட்டு மூத்தோர் உயிரோடிருக்கையில் அருகே அமர்ந்து கேளுங்கள். பாட்டியின் பிறந்த ஊர் எது, அவருடன் பிறந்தோர் எத்தனை பேர் என்று கேளுங்கள். வாழ்ந்தவர்களோடு நிறுத்திவிடாதீர்கள், பிறந்து மறைந்த சிசுக்களைப் பற்றியும் மென்மையாகக் கேளுங்கள். ஐம்பது ஆண்டுகளாக எவரும் கேளாத அப்பெயரை அந்தத் தாய் மறந்திருக்கமாட்டாள். அவள் சொல்லும்போதே எழுதி வையுங்கள்.