நடுக்கடல் படகுகளுக்கு வழிகாட்டும் பெங்களூரு

பெங்களூரு: கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 300 கி.மீ. தொலைவில் உள்ளது பெங்களூரு. ஆனால் ஆழ்கடலில் மீன்பிடிக்கும் படகுகள் தாங்கள் இருக்கும் இடத்தை அறிவதற்கும், ஆபத்தில் உதவி கோருவதற்குமான ஏற்பாடுகளில் பெரும்பங்கு இந்நகரையே சார்ந்திருக்கிறது.

ஒரு காலத்தில் மீனவர்கள் கரையில் தெரியும் மலையையும் கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்து மீன் கிடைக்கும் பாறைத் திட்டுகளை நினைவில் கொண்டனர். கரை மறைந்தபின் விண்மீன்களே துணை. இன்று விசைப்படகுகளில் அந்த இடத்தை ஜி.பி.எஸ். கருவியின் மின்னணு வரைபடம் பிடித்துக்கொண்டது. நல்ல மீன்பாடு கிடைத்த இடம், வலை கிழிந்த பாறை, துறைமுக முகத்துவாரம் ஆகியவற்றைக் குறித்துவைத்தால், இருளிலும் அதே இடத்துக்குத் திரும்பலாம்.

ஒக்கி தந்த பாடம்

ஆனால், இடத்தை அறிவது மட்டும் போதாது என்பதை ஒக்கி புயல் உணர்த்தியது. 2017 நவம்பர் 30-ஆம் தேதி குமரிமுனை அருகே அப்புயல் உருவானபோது, ஏராளமான படகுகள் ஆழ்கடலில் இருந்தன. கரையிலிருந்து 10 முதல் 12 கி.மீ. தாண்டினால் செல்பேசிக்குத் தொடர்பு கிடைப்பதில்லை. எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. தமிழக, கேரள மீனவக் குடும்பங்கள் பலரை இழந்தன.

இதையடுத்து 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்ற கருவி அறிமுகப்படுத்தப்பட்டது. ஹைதராபாதில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையமும் விமான நிலைய ஆணையமும் இதை உருவாக்கின. தயாரித்தது பெங்களூரைச் சேர்ந்த அக்கார்ட் நிறுவனம். விமானங்களுக்காக அமைக்கப்பட்ட 'ககன்' செயற்கைக்கோள் அமைப்பு வழியாக வரும் புயல் எச்சரிக்கை, அலை நிலவரம், மீன்வளப் பகுதி ஆகிய விவரங்களை இக்கருவி பெற்று, புளூடூத் மூலம் செல்பேசித் திரைக்கு அனுப்புகிறது. தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகளில் அவற்றைப் படிக்கலாம்.

ஆபத்தில் குரல் கொடுக்க

ஜெமினி செய்தியைப் பெறுமே தவிர, அனுப்பாது. இக்குறையைப் போக்கும் வகையில், இஸ்ரோ தனது அபாய அறிவிப்புக் கருவியின் இரண்டாம் தலைமுறையை 2024-இல் வெளியிட்டது. படகிலிருந்து வரும் அபாய அழைப்பு பெங்களூரில் உள்ள கட்டுப்பாட்டு மையத்தை அடைந்து, அங்கிருந்து கடலோரக் காவல் படைக்குச் செல்கிறது. அழைப்பு கிடைத்துவிட்டது என்ற பதிலும் படகுக்கே திரும்பி வருகிறது. எல்லை தாண்டும் அபாயம் குறித்தும் இதன்வழி எச்சரிக்க முடியும். 1974, 1976-ஆம் ஆண்டு ஒப்பந்தங்களால் வகுக்கப்பட்ட இந்திய - இலங்கை கடல் எல்லையைக் கண்ணால் காண இயலாது என்பதால், ராமேசுவரம் மீனவர்களுக்கு இது முக்கியமானது.

கடிகாரத்தில் சிக்கல்

பெங்களூரு அருகே பியாலாலுவில் 'நாவிக்' அமைப்பின் வழிசெலுத்து மையம் இயங்குகிறது. இருக்குமிடத்தைத் துல்லியமாகக் கணிக்கக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை தேவை. ஆனால், இறக்குமதி செய்யப்பட்ட அணுக் கடிகாரங்கள் பழுதானதால் சில செயற்கைக்கோள்கள் இப்பணிக்குப் பயன்படாமல் போயின. 2023 மே மாதம் ஏவப்பட்ட என்.வி.எஸ்.-01 உள்நாட்டுக் கடிகாரத்தைச் சுமந்து சென்றது. 2025 ஜனவரியில் ஏவப்பட்ட என்.வி.எஸ்.-02 உரிய சுற்றுப்பாதையை அடையவில்லை.

திரையில் எச்சரிக்கை ஒளிர்ந்தாலும், வலை நீரோட்டத்தில் இழுபடும்போதும், மீன் எல்லைக்கு அப்பால் இருக்கும்போதும் முடிவெடுக்க வேண்டியவர் படகோட்டியே. எல்லைக்கோடு எங்கே என்பதைக் கருவி காட்டும். அதற்கு இப்பால் பிழைப்புக்கு வழிகாட்டுவது அரசின் பொறுப்பு.