தானியத்தை மாற்றினால் போதுமா? தட்டின் அளவையும் பாருங்கள்!

"ஐயா, எனக்கு மூன்று வருடமாகச் சர்க்கரை நோய். காலையில் கேழ்வரகுக் கூழ், இரவில் சப்பாத்தி என்று மாறிவிட்டேன். ஆனாலும் சர்க்கரை அளவு இறங்கவில்லையே, ஏன்?" என்று ஏலாக்குறிச்சி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பலருக்கும் உள்ள சந்தேகம் இது.

அரிசி, கேழ்வரகு, கோதுமை எல்லாமே மாவுச்சத்துதான். 100 கிராம் அரிசியில் சுமார் 78 கிராம், கேழ்வரகில் சுமார் 70 கிராம் மாவுச்சத்து உண்டு. வயிற்றுக்குள் போனதும் இது குளுக்கோஸாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. கேழ்வரகில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம், நல்ல தானியம்தான். ஆனால் நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சினால் சீக்கிரம் செரித்துவிடும். அதையும் இரண்டு சொம்பு குடித்தால் சர்க்கரை எப்படி இறங்கும்?

சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2025-ல் வெளிவந்தது. நாம் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறதாம். மொத்த அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை, சிறுதானியம் என்று மாற்றுவதால் மட்டும் நீரிழிவு வாய்ப்பு குறையவில்லை. மொத்தக் கலோரியில் 5 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்து பருப்பு, பால் போன்ற புரதத்துக்கு மாற்றினால் குறைகிறது. 2,000 கலோரி உண்பவருக்கு இது சுமார் 30 கிராம் அரிசிதான். ஒரு சின்னக் கரண்டிச் சோறு!

முன்பு ஏர் பிடித்தோம், கையால் நட்டோம், அறுத்தோம். தின்ற சோறு உழைப்பில் எரிந்தது. இன்று டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வந்துவிட்டன. வேலை குறைந்தது, சோறு குறையவில்லை.

வயலிலேயே வழி இருக்கிறது. கொள்ளிடக் கரையில் சம்பா அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது ஏக்கருக்கு 10 கிலோ ஆடுதுறை 3 உளுந்தைத் தூவலாம். வரப்பில் துவரை போடலாம். 100 கிராம் உளுந்தில் புரதம் 24 கிராம். அரிசியில் 7, 8 கிராம்தான். விளைந்த பயறை முழுவதும் மூட்டை கட்டி விற்றுவிட்டு, வீட்டில் வெறும் ரசம் சோறு தின்பது நியாயமா? வருடத்துக்கு வேண்டியதை முதலில் குதிரில் எடுத்து வையுங்கள்.

கடைப்பிடிக்க வேண்டியவை:

• தட்டில் பாதி காய், கீரை. கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீன். மீதி கால் பங்குதான் சோறோ களியோ.

• முதலில் காயும் பருப்பும், பிறகு சோறு.

• சாப்பிட்டபின் 15 நிமிட நடை.

• வெறும் வயிற்றில் 126, சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் 200 அல்லது அதற்கு மேல் இருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள் வீட்டுக்கே வருவார்கள்.

மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சோற்றைத் திடீரென்று குறைக்கக் கூடாது; வயலில் மயங்கி விழ நேரிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பருப்பின் அளவையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாசகரே, கூழை விட வேண்டாம். ஒரு சொம்பாகக் குறைத்து, கூடவே ஒரு கிண்ணம் பயறுச் சுண்டல் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்து, முடிவை எங்களுக்கு எழுதுங்கள்.